மாறும் வார்ப்புரு

ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பிரஸ் பிரிவில் பயிற்சியாளனாகச் சேர்ந்தபோது, டை மாற்றுவதற்கு உதவுவதே என் முதல் வேலை. தகட்டுக்கு வடிவம் தரும் எஃகு வார்ப்புதான் டை. ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்றும் வரை பிரஸ் ஓய்ந்து நிற்கும்.

இரவில், ஸ்ரீபெரும்புதூர் விடுதி அறையில், வேறொரு வார்ப்பில் மூழ்கியிருந்தேன். வலைப்பூ ஒன்று தொடங்கி, அதன் தோற்றம் முழுவதையும் சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாளில் நானே எழுதினேன். அடர்நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து, மேற்கோளுக்குத் தனிக் கட்டம். அழகாகத்தான் இருந்தது.

தரப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிந்த அக்கா ஒருவர் அதைப் பார்த்தார். தம் தாயார் பாடும் நடவுப் பாடல்களை எழுதி வைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. "தம்பி, இதே மாதிரி எனக்கும் ஒண்ணு குடுங்க. நிறத்தை மட்டும் நானே மாத்திக்கிறேன்" என்றார். கோப்பை அப்படியே கொடுத்தேன்.

அவர் நீலத்தை இளம்பச்சையாக்கினார். அந்நீலத்தை நான் 14 இடங்களில் எழுதியிருந்தேன். 9 இடங்களை அவர் கண்டுபிடித்தார். மேற்கோள் கட்டத்தின் வெள்ளை எழுத்து இளம்பச்சையில் கரைந்துபோயிற்று. அந்தக் கட்டத்தில்தான் தாயாரின் பாடல்கள் இருந்தன. என் குறுந்தலைப்புக்கென உயரம் வரையறுத்த பட்டையைத் தாண்டி, அவருடைய நீண்ட தலைப்பு கீழே வழிந்தது. ஊரிலிருந்த மகளிடம் பார்க்கச் சொல்லியிருந்தாராம். அவள் வெற்றுக் கட்டத்தைக் கண்டாள். "எனக்குத்தான் இதெல்லாம் வரல தம்பி" என்றார். அவர் என்னைக் கடிந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிராது.

வழி பணியிடத்திலேயே இருந்தது. 1969இல் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ் ஒன்றில் நான்கு மணி நேரம் பிடித்த டை மாற்றத்தை, ஷிகியோ ஷிங்கோ என்னும் பொறியாளர் ஒன்றரை மணி நேரமாக்கினார். பின்னர் அது மூன்று நிமிடமாயிற்று. அவர் கையாண்ட உத்திகளுள் ஒன்று எளியது: அடியில் கட்டை கொடுத்து டைகளைப் பொருத்தும் உயரத்தை ஒன்றாக்குவது. பிடிக்கும் இடம் மாறாதிருந்தால், பிடிக்கப்படுவது எதுவாகவும் இருக்கலாம்.

நடைத்தாளை முதலிலிருந்து பிரித்தேன். சிதறிக் கிடந்த நிறங்களையும் அளவுகளையும் தாளின் உச்சியில் ஒருசேர வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டேன். பெயரின் முன் இரண்டு சிறுகோடுகள் இட வேண்டும், அவ்வளவே. பெயர் தமிழிலேயே இருக்கலாம். 'பின்னணி', 'தலைப்புநிறம்', 'எழுத்தளவு' என எழுதினேன். கீழே உள்ள விதிகள் யாவும் அப்பெயர்களையே அழைத்தன. ஓரிடத்தில் மாற்றினால் எங்கும் மாறும். பட்டையின் உயரத்தை விடுவித்து, தலைப்பின் நீளத்திற்கேற்ப வளரவிட்டேன்.

எதை மாற்றவிடக் கூடாது என்பதுதான் கடினமாக இருந்தது. 'கீ' மேலே சுழிகிறது, 'ளூ' கீழே இறங்குகிறது. வரிகளை நெருக்கினால் இரண்டும் மோதும். ஆகவே வரியிடைவெளியை எழுத்தளவின் 1.6 மடங்கில் நிறுத்தினேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிவேறுபாடு வேண்டுமென்பது இணையத் தரநிலை. எனவே அவ்விரு நிறங்களையும் இணைகளாகவே தந்தேன். தலைப்புப் பட்டைக்கு மட்டும் எந்நிறமும் கொள்ளலாம்.

நடைத்தாளை 1994இல் முன்மொழிந்த ஹோகூன் வியூம் லீ, படைப்பவர் விருப்பமும் படிப்பவர் விருப்பமும் அதில் கலக்க வேண்டும் என எண்ணினார். எவர் சொல்லுக்கு எத்தனை விழுக்காடு செல்வாக்கு என்று குறிக்கவும் இடம் வைத்திருந்தார். அதை அறியுமுன் நான் நூறு விழுக்காட்டையும் எனக்கே எழுதிக்கொண்டிருந்தேன்!

புதிய கோப்பை வாங்கிய அக்கா, தலைப்புப் பட்டைக்குக் கண்ணைப் பறிக்கும் மஞ்சளைத் தேர்ந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லவுமில்லை. பாடல்கள் அனைத்தும் தெளிவாகத் தெரிந்தன. சில நாள்களில் அவருடைய விடுதித் தோழி ஒருவரும் வலைப்பூ தொடங்கினார். கோப்பை அவருக்கு அனுப்பி, எங்கே மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அக்காதான்.