மேலதிக நேரத்தின் விலை

உழைத்துச் சம்பளம் பெறுவோரிடையே ஓர் எண்ணம் வேரூன்றி வருவதைச் சில ஆண்டுகளாக நாம் கண்டுவருகின்றோம். ஆசிரியர் ஓய்வறையிலே அதைக் கேட்கின்றோம். வங்கி வாசலிலே கேட்கின்றோம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் இரவுப் பேருந்திலும் கேட்கின்றோம். மேலதிக நேரம் வேலை செய்து பயனில்லை, கூடுதலாகக் கிடைப்பதை வருமான வரி கொண்டுபோய்விடும் என்பதே அவ்வெண்ணம். இதிலே உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது உழைப்பவர் பக்கம் நிற்போர் அனைவரதும் கடமையாகும். தன் உழைப்பின் கணக்கைத் தானறியாத தொழிலாளிக்கு அக்கணக்கை வேறொருவர் எழுதிக்கொடுப்பர். அவ்வாறு எழுதுபவர் தமக்கு நட்டம் வரும்படி எழுதுவதில்லை.

எம்மிடம் முன்னர் படித்த இளைஞரொருவர் கொழும்பிலே ஒரு வர்த்தக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இலிகிதராக இருக்கின்றார். தந்தையை இழந்தவர். தாயாரின் மருந்துச் செலவும் தங்கையின் பல்கலைக்கழகச் செலவும் அவர் தலைமீதே உள்ளன. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது எம்மையும் காண வந்தார். பேச்சினிடையே, "சேர், நான் இப்ப ஓவர் டைம் செய்யிறேல்ல. ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் வரிக்குள்ள விழுந்திடுவன். பிறகு செய்தும் பிரயோசனமில்லை எண்டு கந்தோரிலை மூத்த ஆக்கள் சொல்லுகினம்" என்றார். ஐந்து மாதங்களாக இப்படியே மறுத்துவந்தாராம். "தம்பி, சம்பளச் சிட்டை இருக்கோ?" என்று கேட்டோம். கைத்தொலைபேசியிலே காட்டினார். அங்கேயே ஒரு பழைய பயிற்சிக் கொப்பியின் பின்பக்கத்தில் இருவரும் கணக்குப் பார்த்தோம்.

அக்கணக்கை வாசகருக்கும் காட்டுதல் நலம். அவருடைய மாதச் சம்பளம் 144,000 ரூபா. கடை, காரியாலய ஊழியர் பற்றிய 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்ற எல்லைக்கு அப்பால் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு. மாதச் சம்பளத்தை 240 ஆற் பிரித்தால் ஒரு மணிக்கு 600 ரூபா. ஒன்றரை மடங்கு 900 ரூபா. மாதம் 20 மணி நேரம் கூடுதலாக உழைத்தால் 18,000 ரூபா வரும். மொத்தம் 162,000 ரூபா.

2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா, அதாவது மாதம் 150,000 ரூபா வரையான வருமானத்துக்கு வரியில்லை. அதற்கு மேற்பட்ட முதற் பத்து இலட்சத்துக்கு 6 வீதம். அடுத்தடுத்த ஐந்து இலட்சங்களுக்கு 18, 24, 30 வீதம். எஞ்சியதற்கு 36 வீதம். எம் மாணவர் நினைத்திருந்தது யாது? எல்லையைத் தாண்டியதும் முழுச் சம்பளத்துக்கும் 6 வீதம், அதாவது 9,720 ரூபா போய்விடும் என்பது. உண்மை அதுவன்று. எல்லைக்கு மேலேயுள்ள 12,000 ரூபாவுக்கு மாத்திரமே வரி. அது 720 ரூபா. அவர் கையில் 17,280 ரூபா மிஞ்சும். ஐந்து மாதத்துக்கு 86,400 ரூபா. தாயாரின் மருந்துக்கும் தங்கையின் விடுதி வாடகைக்கும் உதவியிருக்கக்கூடிய பணம் அது. கொப்பியைப் பார்த்தபடி அவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

வரியின் படிகள் வயலின் வரப்புகளைப் போன்றவை. மேல் வயலுக்கு ஒருவன் ஏறிவிட்டான் என்பதற்காகக் கீழ் வயலின் விளைச்சலுக்கும் மேல் வயலின் குத்தகையை எவரும் கேட்பதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் வீதமே. ஆகையால் எமது வரி முறையில், சம்பளம் உயர்ந்தமையால் கைக்கு வரும் தொகை குறைந்தது என்பது நிகழமுடியாதது. எண்கணிதம் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் அரைமணி நேரத்தில் இதனை விளக்கிவிடலாம். ஆயினும் பத்தாண்டு படித்துப் பரீட்சைகளிற் சித்தியடைந்து வெளியேறும் எம் மாணவர் இதனை அறியாமலே வேலைக்குச் செல்கின்றனர்.

ஆனால் கதை இதனோடு முடியவில்லை. மேலதிக நேரத்திலே தொழிலாளி இழப்பது வேறொன்றுண்டு. அதனைப் பற்றி எந்தக் கந்தோரிலும் எவரும் பேசக் காணோம். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியர் 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். இப்பங்களிப்புக் கணக்கிலே மேலதிக நேரக் கூலி சேர்வதில்லை. அந்த 18,000 ரூபா வழமையான சம்பளமாக இருந்திருப்பின் தொழில்கொள்வோர் 2,700 ரூபாவை அவர் பெயரில் வைப்பிட்டிருக்க வேண்டும். மேலதிக நேரக் கூலியாக இருப்பதால் ஒரு சதமும் இல்லை. ஓய்வு பெறும்போது கிடைக்கும் பணிக்கொடையும் இக்கூலியைக் கணக்கில் எடுப்பதில்லை.

720 ரூபாவையும் 2,700 ரூபாவையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பாருங்கள். அரசு எடுப்பது சம்பளச் சிட்டையில் அச்சாகி வருகின்றது. ஆகவே கோபம் அதன்மீது பாய்கின்றது. முதலாளி கொடாமல் விடுவது எந்தச் சிட்டையிலும் அச்சாவதில்லை. ஆகவே அதன்மீது கோபம் எழுவதுமில்லை. புதிதாக ஒருவரை வேலைக்கு எடுத்தால் அவருக்குச் சேமலாப நிதியும், விடுமுறையும், பணிக்கொடையும் கொடுக்க நேரும். இருப்பவரையே இரண்டு மணி கூடுதலாக இருத்திவைத்தால் அவ்விரண்டு மணிக்கு இவை எவையுமில்லை. ஒருவர் களைத்துச் சாக, மற்றொருவர் வேலையின்றித் திரிவதன் காரணங்களுள் இதுவுமொன்று.

வரியின் பாரத்தை நாம் மறைக்க முயல்வதாக எவரும் கொள்ளலாகாது. 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆண்டு வருமானத்தில் 30 இலட்சம் ரூபா வரை வரியிலிருந்து விடுவிக்கப்பட்டது. உயர் வீதமும் 18 ஆகத் தாழ்த்தப்பட்டது. திறைசேரி வறண்டது. 2022 இல் நாடு கடனைச் செலுத்த முடியாத நிலையை அடைந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. 2023 சனவரி 1 முதல் வரியற்ற எல்லை 12 இலட்சமாகச் சுருங்கியது. உயர் வீதம் 36 ஆக ஏறியது. பொருள்களின் விலை இரட்டித்த வேளையிலே மாதம் ஒரு இலட்சம் ரூபா சம்பாதித்தவரும் வரி எல்லையில் நிறுத்தப்பட்டார். அவ்வாண்டு மார்ச் 15 ஆந் திகதி மருத்துவரும், பல்கலைக்கழக ஆசிரியரும், துறைமுக ஊழியரும், வங்கி ஊழியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியமைக்கு இதுவே முதன்மையான காரணம்.

இரவு முழுவதும் விடுதியிலே விழித்திருக்கும் மருத்துவருக்கு, கூடுதலாக உழைத்த 10,000 ரூபாவில் 6,400 மாத்திரம் மிஞ்சுமாயின், அந்த இரவு அதற்குப் பெறுமதியானதா என்று அவர் கேட்பது நியாயமே. உயர்ந்த படியிலே வரி உழைப்பின் ஆர்வத்தைத் தளர்த்தக்கூடும். ஆனால் எல்லோரிடத்தும் அது அவ்வாறு தொழிற்படுவதில்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்விச் செலவும் உள்ளவர், கைக்கு வரும் பணம் குறைந்தால் அதை ஈடுசெய்ய இன்னும் கூடுதலாகவே உழைக்கின்றார். ஒருவரை வேலையிலிருந்து விலக்கும் வரி மற்றொருவரை வேலைக்குள்ளே தள்ளுகின்றது. வரி உயர்ந்தால் உழைப்புக் குறையும் என்று பொதுவாகச் சொல்வோர், தெரிவு செய்யும் வசதி உள்ளவரை மாத்திரம் மனதிற்கொண்டு பேசுகின்றனர்.

அவ்வசதி இல்லாதவரே இந்நாட்டிற் பெருந்தொகையினர். மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கூலியில் 25 நாள் வேலை கிடைத்தாலும் 33,750 ரூபா. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கச் செல்லும் பெண், வரியின் எந்தப் படியைப் பற்றியும் சிந்திப்பதில்லை. கட்டுநாயக்க வலயத்துத் தையல் இயந்திரத்தின் முன் இரவு எட்டு மணிவரை இருக்கும் பெண்ணும் அவ்வாறே. மேலதிக நேரம் பயனுள்ளதா என்ற கேள்வி அவர்களிடம் எழுவதேயில்லை. அது இல்லாவிட்டால் அறை வாடகை இல்லை, ஊருக்கு அனுப்பப் பணமில்லை. அவர்கள் வருமான வரி செலுத்தாதோர் என்று பெயர். ஆனால் வாங்கும் சவர்க்காரத்திலும் தொலைபேசிக் கட்டணத்திலும், 2024 சனவரி முதல் 18 வீதமாகிய பெறுமதி சேர் வரியை, மாளிகையில் வாழ்பவர் செலுத்தும் அதே வீதத்தில் அவர்களும் செலுத்துகின்றனர்.

1958 இல் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோர் இலங்கைக்கு வந்து ஆலோசனை கூறியதன் பின், 1959 இல் செல்வ வரியும் செலவு வரியும் இங்கு விதிக்கப்பட்டன. உழைத்துப் பெறுவதற்கு மாத்திரமன்றிக் குவித்து வைத்திருப்பதற்கும் வரி உண்டு என்ற கருத்து எமது நாட்டுக்குப் புதிதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. அவ்விரண்டும் இன்று இல்லை. இரவு விழித்திருப்பவரின் மேலதிக மணி துல்லியமாக அளக்கப்படுகின்றது. உறங்கும்போதே பெருகும் செல்வம் அவ்வளவு துல்லியமாக அளக்கப்படுவதில்லை.

மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற் பாகத்திலே வேலைநாளைப் பற்றி நீண்டதோர் அத்தியாயத்தை எழுதினார். 1886 இல் சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணிநேர வேலைக்காகப் போராடினர். 1919 இல் சர்வதேசத் தொழில் தாபனம் தன் முதலாவது உடன்படிக்கையாகவே ஆலைத் தொழிலின் வேலைநேரத்துக்கு எல்லை வகுத்தது. எட்டு மணி நேர உழைப்புக்குரிய கூலியிலே மனிதன் வாழமுடிய வேண்டும் என்பதே இவ்வளவு போராட்டத்தின் உட்பொருள். மேலதிக நேரம் அவசரத்துக்கு உரியது. அதுவே மாதாந்த வரவுசெலவின் தூணாகிவிட்டால், எட்டு மணி நேரச் சட்டம் ஏட்டிலே மாத்திரம் வாழ்கின்றது என்பதே பொருள்.

எனவே தொழிற்சங்கங்கள் எழுப்பவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. மேலதிக நேரக் கூலியும் சேமலாப நிதிக் கணக்கிற் சேரவேண்டும். வரியற்ற எல்லை விலைவாசியோடு சேர்ந்து உயரவேண்டும். வரியின் பாரம் சம்பளச் சிட்டையிலிருந்தும் கடைப் பற்றுச்சீட்டிலிருந்தும் குவிந்த சொத்தின்மீது நகரவேண்டும். ஆசிரியராகிய எமக்கோ இன்னும் அருகிலுள்ள பணியொன்றுண்டு. பத்தாம் வகுப்பிலே வீதக் கணக்குக் கற்பிக்கும்போது, எவரோ வாங்கி விற்ற மாம்பழங்களின் இலாபத்தோடு, ஒரு சம்பளச் சிட்டையையும் கரும்பலகையில் எழுதுவோம். எடுக்கப்பட்டது எவ்வளவு, கொடுக்கப்படாதது எவ்வளவு என்ற இரண்டையும் மாணவர் கணித்துப் பழகட்டும்.