ஜோடி முலாம்பழம் 50 லட்சம் யென்... விளைந்த ஊரோ திவால்!

இரண்டே இரண்டு முலாம்பழங்கள். ஏல விலை 50 லட்சம் யென்! 2019 மே மாதம், ஜப்பானின் சப்போரோ மொத்தச் சந்தையில் நடந்த சீசனின் முதல் ஏலம் அது. அன்றைய மதிப்பில் 30 லட்சம் ரூபாய்க்கும் மேல். ஆனால், அந்தப் பழங்கள் விளைந்த யூபாரி நகரம் அப்போதும் பழைய கடனை அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

ஜப்பானின் வடக்கே, ஹொக்கைடோ தீவின் மலைகளுக்கு நடுவே இருக்கிறது யூபாரி. ஒரு காலத்தில் நிலக்கரிதான் இந்த ஊருக்குச் சோறு போட்டது. 1960 வாக்கில் இங்கே வாழ்ந்தவர்கள் 1,10,000 பேருக்கும் அதிகம். பிறகு பெட்ரோலியம் வந்தது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. 1981-ல் ஒரு சுரங்க விபத்தில் 93 உயிர்கள் போயின. 1990-ல் கடைசிச் சுரங்கத்துக்கும் பூட்டு. சுற்றுலாவை நம்பி நகராட்சி கடன் வாங்கிக் கொட்டியதில், 2007-ல் நகரமே திவாலானது. பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டன, நூலகம் மூடப்பட்டது, வரி ஏறியது. இளைஞர்கள் மூட்டை கட்டினார்கள். இன்று ஊரில் இருப்பது 7,000 பேருக்கும் குறைவு.

போகாமல் நின்றது முலாம்பழம்தான். அதுவும் வெயில் விரும்பும் பயிர், பனி கொட்டும் ஊரில்!

இங்கே விளைவது 'யூபாரி கிங்'. இங்கிலாந்திலிருந்து ஜப்பானுக்கு வந்த 'ஏர்ல்ஸ் ஃபேவரிட்' ரகத்தையும், ஆரஞ்சு நிறச் சதை கொண்ட ஒரு கேன்டலோப் ரகத்தையும் கலந்து உருவாக்கிய கலப்பினம். பழத்தின் விதையை எடுத்துப் போட்டால் அதே பழம் வராது. அதனால், தாய் விதைகளை விவசாயக் கூட்டுறவு சங்கம் பொக்கிஷம் போலக் காக்கிறது.

வேலை, வெளியே பனி கிடக்கும்போதே ஆரம்பித்துவிடும். சூடேற்றிய குடிலுக்குள் நாற்று வளரும். வயலில் பனி சீக்கிரம் உருக, ஹொக்கைடோ விவசாயிகள் அதன் மேல் கறுப்புப் பொடியைத் தூவுவார்கள். கறுப்பு, வெயிலை உறிஞ்சும் அல்லவா? கரி எடுத்த ஊருக்குப் பொருத்தமான வைத்தியம்தான்.

நாற்று பிளாஸ்டிக் பசுமைக்குடிலுக்கு மாறியதும் தூக்கம் போய்விடும். வெயில் அடித்தால் உள்ளே கொதிக்கும், பக்கவாட்டுத் திரையைத் தூக்கிவிட வேண்டும். மாலையில் குளிர் இறங்கும் முன் மூட வேண்டும். ஒருநாள் மறந்தால் செடி வாடிவிடும். ஆனால், இந்தப் பகல் வெப்பமும் இரவுக் குளிரும்தான் இனிப்பின் ரகசியம். பகலில் இலை சேர்த்த சர்க்கரையைக் குளிர்ந்த இரவில் செடி அதிகம் செலவழிக்காது. எரிமலைச் சாம்பல் மண்ணில் தண்ணீரும் தேங்காது.

மகரந்தம் சேர்க்கத் தேனீக்கள் வரும். காய் பிடித்ததும் சிலவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுவார்கள். தோலைவிடச் சதை வேகமாகப் பெருக்கும்போது தோல் வெடிக்கும், வெடிப்பு ஆறித் தழும்பாகும். அந்தத் தழும்புகள்தான் பழத்தின் மேல் வலை. தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் வலை கெட்டுவிடும், விலையும் இறங்கிவிடும்.

கஷ்டத்திலும் யூபாரிக்காரர்களின் குறும்பு போகவில்லை. ஜப்பானியத்தில் 'ஃபுசாய்' என்றால் கடன். தம்பதி என்றும் பொருள். ஊர் திவாலான பிறகு, 'யூபாரி ஃபுசாய்' என்று ஒரு கார்ட்டூன் ஜோடியை அறிமுகப்படுத்தினார்கள். 'காசு இல்லை, காதல் இருக்கிறது' என்பதுதான் கோஷம்!

50 லட்சம் என்பதெல்லாம் முதல் ஏலத்தின் விளம்பரக் கொண்டாட்டம். மற்ற நாட்களில் ஒரு பழம் சில ஆயிரம் யென்தான். அதை நம்பித்தான் குடும்பங்கள் ஓடுகின்றன. விவசாயிகளுக்கோ வயதாகிறது, குடில்களில் வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகிவருகிறது.

அந்த 2019-ல், ஏலத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் ஊருக்கு வந்த ரயிலும் நின்றுபோனது. அடுத்த ஆண்டு கொரோனா. முதல் ஏலத்தில் ஜோடி 1,20,000 யென்னுக்கு விழுந்தது. குளிர்காலம் வந்ததும் யூபாரியில் மறுபடி விதை போட்டார்கள். 2021 மே மாத ஏலத்தில் விலை: 27 லட்சம் யென்.