புன்னக்காயல் கழி

ஆத்தூரிலிருந்து புன்னக்காயல் போகும் சாலையில் இருபுறமும் உப்பளங்கள். அவற்றைத் தாண்டினால் தாமிரபரணி பல கிளைகளாகப் பிரிந்து, சேற்றுத் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகும். பள்ளி விடுமுறை என்றாலே எனக்கு அந்தக் கழிதான். 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் மூழ்கிய பெரியப்பா, அதன்பிறகு கழியில் வீச்சுவலை வீசிப் பிழைத்தார். வலையை எடுக்குமுன் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். "இன்னும் உப்புக் கரிக்குலே. ஆத்துத்தண்ணி வரட்டும், பொறவு பாரு றாலை."

ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுத்தண்ணீர் வரும். கலங்கலாக, வைக்கோலும் வாழைச்சருகும் சுமந்துகொண்டு. உப்பு தணிந்ததும் கழிக்கு உயிர் வந்துவிடும். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு வளர்வது இங்கே, வெண்கண்டல் வேர்களுக்கு இடையில். மடவையும் கொடுவாயும் அப்படித்தான். சேற்று நண்டின் வளைக்குள் பையன்கள் கம்பி விட்டு இழுப்பார்கள்; அதில் விரலைக் கொடுத்து அலறியவர்களும் உண்டு. உள்ளான் கூட்டம் சேற்றைக் கொத்தும். உப்பளத் தெப்பங்களில் பூநாரைகள் நிற்கும்.

தமிழை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் வாழ்ந்த ஊர் புன்னக்காயல் என்று எங்கள் ஆட்கள் பெருமை பேசுவார்கள். பேசட்டும். கழியைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதன் எல்லை தூத்துக்குடியோடு நின்றுவிட்டது; எங்கள் கழி அதில் இல்லை.

கழிக்கு வந்த கேடு தண்ணீர்க் கேடு. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அதற்கு மேலே எடுத்தது போக மிஞ்சியதுதான் எங்களுக்கு. மழையில் அது கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டால், "வீணாகக் கடலில் கலக்கிறது" என்று செய்தி போடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி ஊர்களை மூழ்கடித்தது வேறு கதை. அந்த அழிவை யாரும் கேட்கவில்லை. கோடையிலும் அறாமல் வரும் சிறு ஓட்டம் போதும். பாசனத்துக்கு முறை வைக்கும் அதிகாரிகள் அந்தப் பட்டியலில் புன்னக்காயல் கழிக்கும் ஒரு முறை எழுதட்டும். வலைக்காரனும் இந்த ஆற்றின் ஆயக்கட்டுதாரர்தான்.