பருத்தித்துறை வடையும் எங்கள் மிக்சர் பைக்கற்றும்

காலை ஆறு மணிக்குப் பரந்தன் சந்தியில் நாங்கள் ஏழு பேர் நின்றோம். ஆறு பேர் கண்டாவளைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மிக்சரும் முறுக்கும் செய்து விற்கும் குழுவைச் சேர்ந்தவர்கள். ஏழாவது ஆள் நான். விற்கும் குழு என்று எழுதிவிட்டேன். விற்க முயலும் குழு என்று எழுதியிருக்க வேண்டும். எல்லோரும் பெரியக்கா என்று அழைக்கும் மூத்தவரின் கையில் ஓர் உரப்பை இருந்தது. அதற்குள் கடைகள் திருப்பிக் கொடுத்த பதினைந்து மிக்சர் பைக்கற்றுகள். திகதி முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"வழியிலை ஆருக்கும் குடுப்பம் பிள்ளை, கொட்ட மனம் வருகுதில்லை" என்றார்.

சகோதரிகளே, இந்தப் பயணம் உல்லாசப் பயணம் அல்ல. ஆனாலும் மற்றப் பிள்ளைகள் நல்ல சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஊரை விட்டு வெளியே போகிறேன் என்றாள் ஒருத்தி. பயணத்துக்கான காரணம் மட்டும் கசப்பானது. பெரியக்கா ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எடுத்து மா அரைக்கும் இயந்திரமும் பெரிய தாச்சியும் வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் தவணை. தவணைக்கு ஆள் வரும்போது அவர் பின்வளவில் போய் நிற்பதை நானே கண்டேன். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கம் அறிவித்தது. பெரியக்காவின் கடன் அதற்குப் பிந்தியது.

அந்தக் கடனில் எனக்கும் பங்குண்டு. கையெழுத்தில் அல்ல, ஆலோசனையில். மூன்று நாள் பயிற்சி வைத்தோம். இரண்டரை நாள் செய்யக் கற்றுக்கொடுத்தோம். கடைசி நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் நித்திரை தூங்கும் நேரத்தில், சந்தைப்படுத்தல். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது வாழ்வாதாரம், வலுவூட்டல் என்ற சொற்களைப் பரீட்சைத் தாளில் நிறைய எழுதியவள் நான். செய்த பொருளை யார் வாங்குவார்கள் என்று ஒரு வரியும் எழுதியதாக நினைவில்லை.

பஸ் வந்தது. இடமும் கிடைத்தது. பெரியக்காவின் பக்கத்தில் இருந்து, கொப்பியை மடியில் வைத்து, கடைசியாகச் செய்த நூறு பைக்கற்றுகளுக்குக் கணக்குப் போட்டேன். கடலை, பருப்பு, மா, எண்ணெய் எல்லாம் 5,800 ரூபாய். காஸ் 900. பையும் லேபலும் 600. பஸ்ஸும் ஓட்டோவும் 500. மொத்தம் 7,800. ஒரு பைக்கற்றுக்கு 78 ரூபாய் முடிகிறது, கடைக்கு 90 க்குக் கொடுக்கிறோம், 12 ரூபாய் இலாபம் என்றுதான் குழு நினைத்திருந்தது. ஆனால் நூறும் விற்கவில்லையே. பதினைந்து திரும்பி வந்துவிட்டது. எண்பத்தைந்தை 90 ஆல் பெருக்கினால் 7,650 தான் வருகிறது. இரண்டு பெண்கள் இரண்டு நாள் அடுப்படியில் வெந்து, கூலி ஒரு சதமும் எடுக்காமல், கையிலிருந்து 150 ரூபாயும் போட்டிருக்கிறார்கள்.

பெரியக்கா அந்த எண்ணைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாங்கள் கடைக்காரனுக்குச் சம்பளம் குடுத்திருக்கிறம்" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. தங்கள் கூலியைச் செலவில் சேர்க்காத பெண்களை நான் எல்லாக் கிராமங்களிலும் காண்கிறேன். வீட்டில் சமைப்பதற்கு யாரும் கூலி தருவதில்லை. அந்தப் பழக்கம் தொழிலுக்கும் வந்துவிடுகிறது. திரும்பி வரும் பொருளும் ஒரு செலவுதான் என்பதை எங்கள் பயிற்சியிலேயே நாங்கள் சொல்லவில்லை.

ஆனையிறவு வந்தது. வெயில் ஏற முன்னரே உப்பு வெளி கண்ணைக் கூச வைத்தது. இங்கே மேசை உப்புத் தொழிற்சாலை 2025 மார்ச்சில் திறக்கப்பட்டபோது பைக்கற்றில் 'ரஜ லுணு' என்று பெயர் வந்ததும், ஆனையிறவு உப்பு என்றே பெயர் இருக்க வேண்டும் என்று பலர் குரல் எழுப்பியதும் வாசகியருக்கு நினைவிருக்கும். அது உரிமைக் கேள்வி. அதற்குள் வியாபாரக் கேள்வி ஒன்றும் இருக்கிறது. ஓர் ஊரின் பெயரில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த நம்பிக்கைக்கு விலை உண்டு. அதை விளம்பரம் போட்டு ஒரு வருடத்தில் உண்டாக்க முடியாது.

அப்போது உரப்பையிலிருந்த பைக்கற் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் எங்கள் நிறுவனத்தின் சின்னம். அதன் பக்கத்தில் நிதி தந்தவர்களின் சின்னம். நடுவில் ஆங்கிலத்தில் ஒரு பெயர். செய்தவர்களின் ஊர்ப் பெயர் பின்பக்க மூலையில், கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத எழுத்தில். அந்த லேபலை அச்சடிக்கக் கொடுத்தது நான்தான்.

கொடிகாமத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றினோம். மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் குவியும் சந்தை அது. எல்லோர் வளவிலும் ஒரே நேரத்தில் பழுப்பதால், குவியக் குவிய விலை இறங்குகிறது. எங்கள் மிக்சரின் கதையும் இதுதான் என்று குழுவின் இளையவள் சொன்னாள். அவள் சொன்னது சரி. பக்கத்துக் கிராமங்கள் மூன்றிலும் வெவ்வேறு நிறுவனங்கள் மிக்சர்ப் பயிற்சியே கொடுத்திருந்தன.

வரணி தாண்டி வடமராட்சிக்குள் போய், பருத்தித்துறையில் இறங்கியபோது கடற்காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. முதலில் தெருமூடிமடத்தைப் பார்க்கப் போனோம். வீதியின் மேலேயே கூரை போட்டு, இருபுறமும் கற்தூண்களும் திண்ணைகளும் வைத்துக் கட்டிய பழைய மடம். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கி இளைப்பாறக் கட்டியது. திண்ணையில் ஏறி இருந்து நாங்கள் கொண்டு போன புட்டைச் சாப்பிட்டோம். இது கடலோடிகளின் ஊர். நாட்கணக்காகக் கெடாத பண்டம் இந்த ஊரில் பேரெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றியது.

பருத்தித்துறை வடையைத் தெரியாதவர்கள் இருந்தால் சொல்லிவிடுகிறேன். சாதாரண உழுந்து வடை போல மெத்தென்று இராது. உழுந்தோடு மா சேர்த்து, செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் போட்டுக் குழைத்து, மெல்லிசாகத் தட்டி, மொறுமொறுப்பாகப் பொரித்தெடுப்பது. தட்டை வடை என்றும் சொல்வார்கள். நாட்கணக்காக வைத்துச் சாப்பிடலாம்.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சிறு கடையில் வடை கேட்டோம். கடைக்காரர் விலை சொல்ல முன்னர் ஒன்றைக் கேட்டார்: "ஊருக்கோ, கொழும்புக்கோ, வெளியாலையோ?" ஊருக்கென்றால் சாதாரணப் பை. கொழும்புக்கென்றால் தடித்த பொலித்தீனில் இறுகக் கட்டுகிறார். வெளிநாட்டுக்கென்றால் நொறுங்காமல் பெட்டியில் அடுக்குகிறார். கேட்டுக்கொண்டே ஒரு வடையை உடைத்து ஆளுக்கொரு துண்டு தந்தார். நாங்கள் நூறு பைக்கற்றுகளையும் ஒட்டி மூடி, ஒருவருக்கும் ருசி காட்டாமல் கடைத் தட்டில் வைத்திருந்தோம். கண்ணால் பார்த்து உப்பும் உறைப்பும் தெரியுமா?

வடை போடும் ஒரு வீட்டையும் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, ஓடக்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றுக்கு வழி காட்டினார்கள். அங்கே ஐம்பது வயது கடந்த ஓர் அம்மா, தாச்சியை விட்டு எழும்பாமலே எங்களோடு கதைத்தார். பெரியக்காவும் அவரும் ஐந்து நிமிடத்தில் உறவாகிவிட்டார்கள். நான் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு போடுறதெண்டு எப்பிடித் தெரியும் அக்கா?"

"முதல் நாள் பின்னேரம் போனிலை கேட்டு எழுதிப்போட்டுத்தான் உழுந்து ஊறப்போடுவன். ஆள் இல்லாமல் நான் ஏன் ஊறப்போடுறன்?"

"கடையளுக்கும் குடுக்கிறியளோ?"

"ரண்டு கடைக்கு. கைக்காசுக்கு மட்டும். கடனுக்குக் குடுத்து முந்திப் பட்டது காணும்."

2022 இல் எண்ணெயும் கோதுமை மாவும் விலை ஏறி, காஸும் கிடைக்காதிருந்த காலத்தைப் பற்றிக் கேட்டேன். வடையைச் சின்னதாக்கச் சொல்லிப் பலர் சொன்னார்களாம். அவர் மறுத்து, விறகடுப்புக்கு மாறி, விலையைக் கூட்டினார். ஏன் கூட்டினேன் என்று ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னார். சிலர் விட்டுப் போனார்கள். பெரும்பாலானோர் திரும்பி வந்தார்கள். "சின்னதாக்கியிருந்தால் வந்திருக்கமாட்டினம், ஏமாத்திப்போட்டாள் எண்டிருப்பினம்."

பெரியக்கா தயங்கித் தயங்கி எங்கள் மிக்சர் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். அந்த அம்மா நாலு கடலையை வாயில் போட்டார். "ருசி நல்லாத்தான் இருக்கு. எண்ணெய் லேசாச் சிக்கு நாறுது. சூடு ஆற முன்னம் கட்டுறியளோ?" ஓம், அப்படித்தான் கட்டுகிறோம். கடைக்காரர் பின்னேரம் வந்து எடுப்பார் என்ற அவசரத்தில். திரும்பி வந்த பைக்கற்றுகளுக்கு நாங்கள் கடைக்காரரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் உணவுப் பண்டம் செய்து கடைக்குக் கொடுக்க நினைக்கும் சகோதரிகளுக்கு இந்த இடத்தில் ஒரு குறிப்பு. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களாகவே கூப்பிட்டு அடுப்படியைக் காட்டுங்கள், பயப்பட வேண்டியதில்லை. லேபலில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், விலை, முகவரி இருக்கட்டும். பெரிய சுப்பர் மார்க்கட்டுகள் 479 என்று தொடங்கும் இலங்கைப் பட்டைக் குறியீட்டையும் கேட்கக்கூடும். ஆனால் அங்கேதான் முதலில் போக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. நான் பார்த்த வடை வீட்டுக்கு ஒரு தொலைபேசி இலக்கமும் பத்து முப்பது நிரந்தர வாடிக்கையாளரும்தான் முதல்.

திரும்பும்போது பஸ்ஸில் பாதிப் பேர் நித்திரை. உரப்பையிலிருந்த பைக்கற்றுகளை நடத்துநருக்கும் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டோம். பெரியக்கா மட்டும் முழித்திருந்தார். "எங்கடை றோட்டாலை காலமை ஆர் ஆர் போகினம்?" என்று திடீரெனக் கேட்டார். நான் யோசித்துப் பதில் சொல்ல முற்பட்டேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். யோசித்துச் சொல்கிற பதிலால்தானே இவ்வளவும் வந்தது.

அடுத்த கிழமை மூன்று நாட்கள், காலை ஆறரை தொடங்கி எட்டரை வரை, இரண்டு பெண்கள் பரந்தன் சந்தியில் ஒரு கொப்பியோடு நின்றார்கள். யார் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், கையில் என்ன வாங்குகிறார்கள் என்று எழுதினார்கள். முல்லைத்தீவு வீதியால் போகும் ஆசிரியைகள், கந்தோருக்குப் போவோர், வேலைத்தளத்துக்குப் போகும் பொடியன்மார். மூன்று நாளிலும் மிக்சர் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. பிளேன்ரீயும் பணிசும் வாங்கினார்கள். ஒன்றும் சாப்பிடாமல் போனவர்களே அதிகம். ஆசிரியைகள் மூவரிடம் கேட்டபோது, இலைக்கஞ்சி கிடைத்தால் நல்லது, வீட்டில் வைக்க நேரமில்லை என்றார்களாம்.

இலைக்கஞ்சிக்கு மா அரைக்கும் இயந்திரம் தேவையில்லை. அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. "இயந்திரம் கிடக்கட்டும், ஊருக்கு மா அரைச்சுக் குடுப்பம்" என்று பெரியக்காதான் எனக்கு ஆறுதல் சொன்னார். வல்லாரையும் முசுட்டையும் வேலியிலேயே இருந்தன. அரிசி, தேங்காய், காஸ், கடதாசிக் கோப்பை, இரண்டு பேருக்குக் கூலி என்று எல்லாவற்றையும் போட்டு, ஒரு கோப்பைக்கு என்ன விலை என்று அவர்களே கணக்குப் பார்த்தார்கள். கூலியை முதல் வரியில் எழுதியிருந்தார்கள்.

புதன்கிழமை முதல் பானை சந்திக்கு வந்தது. முப்பது கோப்பைக்குக் காய்ச்சியது. முதல் ஐந்து பேருக்கு அரைக் கோப்பை ருசி பார்க்கக் கொடுத்தார்கள். எட்டரை மணிக்கு இருபத்திரண்டு கோப்பை விற்றிருந்தது. மிச்சத்தைச் சந்தியிலேயே நின்று தாங்களே குடித்தார்கள், எனக்கும் ஒன்று கிடைத்தது. உப்புக் கொஞ்சம் கூட. பெரியக்கா அதையும் கொப்பியில் எழுதிவிட்டு, நாளைக்கு இருபத்தைந்துக்குத்தான் காய்ச்சுவம் என்றார்.