பூண்டுப் பல்லும் கிராம்பும்

1984-ல் நான் கொடைக்கானல் மேல்மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். கிளாவரையிலிருந்து ஒரு பெண் நடந்து வருவாள். மழை நாளில் தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வந்து, அதை வாசலில் உதறிவிட்டு உள்ளே நுழைவாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஒரு பரீட்சையில் பத்து ஆங்கிலச் சொற்களுக்கு அர்த்தம் கேட்டிருந்தேன். 'கிளோவ்' என்பதற்கு அவள் 'பூண்டுப் பல்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 'கிராம்பு' என்று எழுதினேன். தாளை வாங்கிப் பார்த்தவள் எழுந்து நின்றாள்.

"சார், ஞாயித்துக்கிழமைச் சந்தையில எங்க அப்பா பூண்டு விக்கயில ஒரு வெள்ளைக்காரம்மா பல்ல உரிச்சுக் காட்டி அப்படித்தான் சொன்னாங்க சார்."

"அப்ப இனிமே அந்தம்மாகிட்டயே படிச்சுக்க" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவள் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெற்ற பிறகு, என் மருமகள் செல்போனைப் பார்த்து ஏதோ சூப் வைத்துக்கொண்டிருந்தாள். ஆறு கிளோவ் என்று வாசித்தாள். நான் முந்திக்கொண்டு அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஆறு கிராம்பை எண்ணிக் கொடுத்தேன். "மாமா, இது பூண்டுப் பல்லு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் படுக்க வெகுநேரம் ஆயிற்று.

எழுத்தும் ஓசையும் ஒன்றுதான். ஆனால் இரண்டும் வேறு வேறு சொற்கள். கிராம்பைக் குறிக்கும் கிளோவ், பிரெஞ்சில் ஆணிக்குச் சொல்லும் 'க்ளூ' என்பதிலிருந்து வந்தது. ஒரு கிராம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், கொண்டை வைத்த சின்ன ஆணியேதான். பூண்டுப் பல்லைக் குறிக்கும் கிளோவோ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பிளப்பதற்கு 'கிளீவ்' என்கிறார்களே, அதற்கு உறவு. மாட்டின் பிளவுபட்ட குளம்பைச் சொல்லும் 'க்ளோவன்' என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான். ஜெர்மன்காரர் பூண்டுக்கு வைத்த 'க்னோப்லாவ்ஹ்' என்ற பெயருக்கே, மூலத்தில், பிளந்த லீக் என்றுதான் பொருள்.

இந்த 'லீக்' இன்னும் சுவாரசியம். இன்று அது வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்கறி. பழைய ஆங்கிலத்தில் வெங்காயம், பூண்டு எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர். 'கார்' என்றால் ஈட்டி. ஈட்டி முனை போல இருந்த லீக் 'கார்லிக்' ஆயிற்று. வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கே லீக்கை வைத்துத்தான் பெயர் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது, அட, இது நம்மூர்க் கதை அல்லவா என்று தோன்றியது. 'புல் பூண்டு கூட முளைக்காது' என்கிறோமே, அந்தப் பூண்டு சமையலறைப் பூண்டு இல்லை. சிறு செடிகளுக்கெல்லாம் பொதுப்பெயர். அதில் வெள்ளையாக இருந்தது வெள்ளைப்பூண்டு. பிறகு வெறும் பூண்டு என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. 'உள்ளி'யும் அப்படியே. தெலுங்கில் உல்லி என்றால் வெங்காயம். யாழ்ப்பாணத்தில் உள்ளி என்றால் பூண்டு. கிளாவரைக்கு மேற்கே காட்டைத் தாண்டி வட்டவடைக்குப் போனால் வெளுத்துள்ளி. 'பல்' என்பதும் நமக்கு மட்டும் தோன்றியதில்லை. ஸ்பானியர்களும் பூண்டுக்குப் பல் என்றே சொல்கிறார்கள்.

2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பேப்பரில் படித்தபோதும் அவள் ஞாபகம்தான் வந்தது. ஆனாலும் புறப்பட்டுப் போகக் கால் வரவில்லை. போன வருஷம்தான் போனேன். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி தாண்டிக் கிளாவரை. அதற்கு மேல் காடுதான். அவளுடைய அண்ணன் இருந்தார். அடுப்புக்கு மேலே விதைப்பூண்டு கட்டுக்கட்டாகப் புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. தங்கை பெரியகுளம் பக்கம் வாக்கப்பட்டுப் போனதாகச் சொல்லி, போன் போட்டுக் கொடுத்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிராம்பு, பூண்டு, சிவப்பு மை, வகுப்பில் சொன்ன வார்த்தை. "நீ எழுதினதுதான்மா சரி" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லீங்க சார்" என்றாள். பிறகு, "பத்தாவதுல இங்கிலீசுல மட்டும் போச்சு சார். அது ஞாபகம் இருக்கு."

அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. வடுகபட்டிச் சந்தையில் இப்போது பூண்டு என்ன விலை போகிறது என்று கேட்டேன். சொன்னாள்.