சொட்டாத கசிவு

பழைய இன்ஜினுக்கு நோய் கண்டால் பெரும்பாலும் முதலில் கிடைப்பது மருந்து அல்ல, மரண அறிவிப்பு. சோலனைச் சேர்ந்த அந்த டாக்சி ஓட்டுநருக்கும் அப்படித்தான் நடந்தது. கால்கா - சிம்லா சாலையில் சுமார் 90 கி.மீ. ஏற்றத்தை வாரத்துக்கு நான்கைந்து முறை ஏறி இறங்கும் அவருடைய பெட்ரோல் கார், 2022 நவம்பரில் 3,40,000 கி.மீ.யைத் தாண்டியிருந்தது. வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட் காணாமல் போய்க்கொண்டிருந்தது. நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

"ஹெட் காஸ்கெட் போய்விட்டது. இன்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்றார் உள்ளூர் மெக்கானிக். ஏமாற்று வேலையல்ல. வெளியே கசிவு தெரியாவிட்டால் கூலன்ட் உள்ளே எரிகிறது என்பது நியாயமான சந்தேகம்தான். ஆனால் அவர் சொன்ன தொகை, மகளின் நர்சிங் படிப்புக்கு எடுத்து வைத்திருந்த பணத்துக்குச் சமமாக இருந்தது. ஓட்டுநர் தலையாட்டிவிட்டு வந்தார். வழியில் ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஊற்றியபடியே மேலும் ஒரு மாதம் ஓட்டினார்.

அந்த மாதம்தான் ஆபத்தானது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிம்லாவில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜினின் இயல்பான வெப்பமோ கிட்டத்தட்ட 90. ரேடியேட்டர் மூடி தரும் 0.9 பார் அழுத்தம் இருந்தால்தான் கொதிநிலை 115 டிகிரிவரை ஏறும். கசிவு பெரிதாகி அழுத்தம் நிற்காமல் போனால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். ஒரே ஏற்றத்தில் கொதித்தால் அலுமினிய ஹெட் வளையும். அப்போது நல்ல காஸ்கெட்டும் நிஜமாகவே போய்விடும்.

டிசம்பரில், பர்வானூவில் இருந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டி போனது. "உஸ்தாத், இன்றே பார்த்துவிட முடியுமா?" என்று கேட்டவருக்கு, "ராத்திரி இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். சூடான வண்டி உண்மை பேசாது" என்று பதில் வந்தது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும் என்பது இன்னொரு காரணம்.

காலையில் குளிர்ந்த இன்ஜினில் சோதனை தொடங்கியது. ஆயில் ஸ்டிக்கில் பால் நிறம் இல்லை. ஸ்டார்ட் செய்தபோது ரேடியேட்டரில் குமிழிகள் வரவில்லை. சைலன்ஸரில் இனிப்பு வாசனையுள்ள வெள்ளைப் புகையும் இல்லை. டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஹீட்டர் கசிந்தால் கண்ணாடி பனிபடியும், கால்மிதி நனையும். அதுவும் இல்லை. காஸ்கெட்டைக் குற்றவாளி ஆக்க ஒரு சாட்சிகூடக் கிடைக்கவில்லை.

இன்ஜினை அணைத்து, ரேடியேட்டர் வாயில் கைப் பம்ப்பை மாட்டி சுமார் 1 பார்வரை அழுத்தம் ஏற்றினார் உஸ்தாத். பத்து நிமிடத்தில் முள் மெல்ல இறங்கியது. டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு ஹோஸ்களின் முனைகளையும் ரேடியேட்டரின் ஓரங்களையும் துழாவினார். கடைசியில் வாட்டர் பம்ப்பின் அடியில் வெளிர் பச்சையாகக் காய்ந்த உப்புத் தடம் ஒன்று. அதன் நடுவே ஈரம் மினுங்கியது.

பம்ப்பின் சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறட்டும் என்றே அங்கே சிறு துளை வைத்திருக்கிறார்கள். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. வண்டி ஓடும்போது மட்டும் கசிந்த நீர், சூடான இன்ஜின் மீது பட்டு ஆவியானது. நின்று குளிர்ந்த பிறகு அழுத்தம் இல்லை, கசிவும் இல்லை. தரையில் ஈரத்தைத் தேடியவருக்கு எதுவும் கிடைக்காததில் வியப்பில்லை.

பம்ப், பெல்ட், உப்பிப்போன ஒரு ஹோஸ் ஆகியவை மாறின. செலவு, இன்ஜினைப் பிரிக்கக் கேட்ட தொகையில் சிறு பங்குதான். ஆனால் பழைய கூலன்ட்டை ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிப் பார்த்த உஸ்தாத்தின் முகம் மாறியது. சரிபாதி கலவை மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. இதில் இருந்தது ஏறக்குறைய வெறும் தண்ணீர். "ஜனவரியில் சிம்லாவில் ஒரு ராத்திரி நிறுத்தியிருந்தால் பிளாக்கே வெடித்திருக்கும்" என்றார். கசிவைவிட, அதை ஈடுகட்ட ஊற்றிய தண்ணீர் பெரிய எதிரியாக வளர்ந்திருந்தது.

ரிசர்வ் டேங்கில் கூலன்ட் நிற்கும் இடத்தில் ஓட்டுநர் பேனாவால் ஒரு கோடு போட்டார். ஒரு வாரம், காலையில் சாவி போடும் முன் அதைப் பார்த்தார். ஏழாம் நாளும் கூலன்ட் கோட்டிலேயே நின்றது. அன்று மாலை மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினார்.