காசேரியஸுக்குக் காட்டாத புத்தகம்

லெய்டன், செப்டம்பர் 9, செவ்வாய்

இந்தப் பருவம் முழுக்க வகுப்பில் ஒரே புத்தகம்தான்: தத்துவவாதி ஸ்பினோசாவின் 'எத்திக்ஸ்'. முதல் பாகத்துக்கு முன்னுரை கிடையாது, வாசகருக்கென்று ஒரு வார்த்தை கிடையாது. எடுத்த எடுப்பில் எட்டு வரையறை, ஏழு அடிகோள், அடுத்தது முதல் தேற்றம். பத்தாம் வகுப்பு வடிவியல் மாதிரியே தேற்றம், நிறுவல், கிளைத்தேற்றம் என்று போகிறது. ஆனால் இங்கே நிறுவப்படுவது முக்கோணத்தின் கோணம் அல்ல. கடவுள் இருக்கிறார் என்பதும், பொறாமை எப்படி வருகிறது என்பதும், ஆசைக்கு ஏன் அடிமையாகிறோம் என்பதும் இதே வரிசையில், இதே குரலில் நிறுவப்படுகின்றன.

எல்லோர் கையிலும் கர்லியின் 1985 ஆங்கில மொழிபெயர்ப்பு. லத்தீன் தெரிந்த இத்தாலியப் பெண் மட்டும் மூலத்தையும் பக்கத்தில் விரித்து வைத்திருந்தாள். பேராசிரியர் ஒரே ஒரு விதி வைத்தார்: வாராவாரம் ஆளுக்கு அரைப் பக்கம் சந்தேகம் எழுதிக்கொண்டு வர வேண்டும். 'புரியவில்லை' என்று எழுதினால் ஏற்க மாட்டாராம்; எந்த வரி வரைக்கும் புரிந்தது, எந்த வரியில் நின்றது என்று சொல்ல வேண்டுமாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இந்தப் புத்தகத்தை முன்னோக்கிப் படிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. ஒரு நிறுவலைத் தொட்டால் அது முந்தைய மூன்று தேற்றங்களைக் காட்டுகிறது, அவை வரையறைகளைக் காட்டுகின்றன. நாலு விரலை நாலு பக்கத்தில் செருகிக்கொண்டு ஐந்தாவது பக்கத்தைப் படிக்கிறேன். கடவுள் கட்டாயம் இருக்கிறார் என்பது 11-ஆம் தேற்றம். அவரைத் தவிர வேறு பொருண்மை, அதாவது தன்னிலேயே நிற்கிற ஒன்று, இல்லை என்பது 14.

ராத்திரி நாகப்பட்டினத்திலிருந்து அப்பா பேசினார்.

"ஏம்மா, உங்க ஆளு என்னதான் சொல்றாரு? கடவுள் உண்டுங்குறாரா, இல்லைங்குறாரா?"

"உண்டுங்குறாருப்பா. அவரைத் தவிர வேற எதுவுமே கிடையாதுங்குறாரு."

"அப்ப நம்ம அத்வைதம்தானே! இதுக்கா அம்புட்டு தூரம் போனே?"

சிரித்துவிட்டேன். ஆனால் அப்படி எளிதில் ஒட்டவைத்துவிட முடியாது. இந்த மேசையை, எனக்கு வந்த சளியை, என்னை, எதையும் வெறும் தோற்றம் என்று தள்ள ஸ்பினோசா விடமாட்டார். எல்லாம் அந்த ஒன்றின் நிஜமான நிலைகள். போதாததற்கு, சிந்தனை எவ்வளவு கடவுளின் இயல்போ அவ்வளவு இடப்பரப்பும் கடவுளின் இயல்பு என்கிறார். சடப்பொருளைக் கடவுளுக்குள் கொண்டுபோய் வைத்தார் என்பதுதான் அவர் காலத்துப் பாதிரிமார்களுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவுக்கு இதைத் தொலைபேசியில் விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

என் அரைப் பக்கம் இது: பொருண்மை என்றால் இதுதான் என்று முதல் பக்கத்திலேயே அவர் விருப்பத்துக்கு வரையறுத்துவிட்டால், பின்னால் வருவதெல்லாம் தானாக வரத்தானே செய்யும்? அந்த வரையறையை நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

பேராசிரியர் பதில் சொல்லவில்லை. இரண்டு கடிதங்களின் நகலை நீட்டினார். 1663 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஸிமோன் தெ ஃப்ரீஸ் என்ற நண்பர் ஸ்பினோசாவுக்கு எழுதியது ஒன்று, அதற்கு வந்த பதில் ஒன்று. 'எத்திக்ஸ்' அச்சாவதற்கு 14 ஆண்டு முன்பே, அதன் தொடக்கப் பகுதியின் கையெழுத்துப் படி ஆம்ஸ்டர்டாம் நண்பர்களிடம் இருந்திருக்கிறது. முறை வைத்துக்கொண்டு ஒருவர் படித்துத் தனக்குப் புரிந்தபடி விளக்குவாராம். தேற்ற வரிசைப்படி நிறுவிக் காட்டுவாராம். அப்படியும் ஒருவரை ஒருவர் திருப்திப்படுத்த முடியாத இடத்தைக் குறித்துவைத்து ஸ்பினோசாவுக்கு எழுதிக் கேட்பார்களாம். நம் பேராசிரியர் விதியை எங்கிருந்து எடுத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்தக் குழு முட்டிக்கொண்டு நின்ற இடமும் என் இடமேதான். வரையறை என்பது உண்மையாக இருக்க வேண்டுமா, இல்லை மனத்தால் நினைக்கக்கூடியதாக இருந்தால் போதுமா? ஸ்பினோசாவின் பதில் சாலமோன் கோயிலை எடுத்துக்கொள்கிறது. இருந்த கோயிலை ஒருவர் வருணித்தால் அது உண்மையா என்று கேட்கலாம். ஆனால் நான் கட்ட நினைக்கும் கோயிலின் வரைபடத்தை மனத்தில் போட்டு, இதற்கு இவ்வளவு நிலம், இவ்வளவு கல் வேண்டும் என்று கணக்கிட்டால், அந்த வரைபடம் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'எத்திக்ஸ்' எந்த வகைக் கோயில்? கட்ட நினைப்பதா, இருப்பதா? உலகம் இப்படித்தான் இருக்கிறது என்றல்லவா அவர் சொல்கிறார்?

ஒரே பொருண்மைக்கு இரண்டு இயல்புகள் எப்படி என்ற கேள்விக்கு இஸ்ரவேல், யாக்கோபு என்ற இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பதை உதாரணம் காட்டுகிறார். இது எனக்கு ஏறவில்லை. பெயர் நாம் வைப்பது. சிந்தனையும் இடப்பரப்பும் நாம் வைத்த பெயர்களா என்ன?

அக்டோபர் 18, சனி

ரைன்ஸ்பர்க்குக்கு சைக்கிளில் போனேன். எதிர்க்காற்று. வழியில் எண்டகெஸ்ட் மாளிகை. ஸ்பினோசாவுக்கு இருபது ஆண்டு முன்னால் தத்துவவாதி தெக்கார்த்து அங்கே குடியிருந்தார். ரைன்ஸ்பர்க்கில் ஹெர்மன் ஹோமன் என்ற அறுவை மருத்துவரின் சின்னச் செங்கல் வீட்டில்தான் 1661 முதல் 1663 வரை ஸ்பினோசா வாடகைக்கு இருந்தார். 1899-லிருந்து அது நினைவில்லம். 1920-ல் ஐன்ஸ்டைன் வந்து வருகையாளர் ஏட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நான் அதிக நேரம் நின்றது புத்தக அலமாரி முன்னால். அவர் இறந்த பிறகு சாமான்களைப் பட்டியல் எடுத்தபோது சுமார் 160 புத்தகங்கள் இருந்தன. அந்தப் பட்டியலைப் பார்த்து, அதே பழைய பதிப்புகளைத் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். யூக்ளிட் உண்டு, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் செர்வாந்தெஸ், கோங்கோரா, கெவேதோ என்று ஸ்பானிய இலக்கியமும் இருக்கிறது. தேற்றமாக எழுதியவர் ராத்திரியில் செர்வாந்தெஸ் படித்தார் என்று நினைக்க மனத்துக்கு நன்றாக இருந்தது.

இந்த வீட்டில் அவரோடு ஒரு மாணவனும் தங்கியிருந்தான். லெய்டனில் இறையியல் படித்த யோஹன்னஸ் காசேரியஸ். ஒரே கூரையின் கீழ் இருந்து, சாப்பிடும்போதும் உலாவும்போதும் ஸ்பினோசாவோடு பேசக் கொடுத்துவைத்தவன் என்று தெ ஃப்ரீஸ் தன் கடிதத்தில் ஏங்குகிறார். பதில் கடிதத்தில் ஸ்பினோசா அந்த ஏக்கத்தை ஒரே போடாகப் போடுகிறார். பொறாமைப்பட ஒன்றுமில்லை, இவனைப் போல எனக்குத் தொல்லை தருகிறவர் வேறு யாருமில்லை, இன்னும் சிறுபிள்ளை, உண்மையைவிடப் புதுமையில்தான் நாட்டம், வயது முதிரும்வரை என் கருத்துகளை இவனுக்குச் சொல்ல வேண்டாம் என்கிற பாணியில். பக்கத்து அறைப் பையனுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது தெக்கார்த்தை மட்டும். அந்தப் பாடத்திலிருந்துதான் 1663-ல் தெக்கார்த்து பற்றிய நூல் வந்தது. தன் பெயர் போட்டு ஸ்பினோசா வெளியிட்ட ஒரே நூல் அதுதான். சொந்தத் தத்துவம் பூட்டியே கிடந்தது.

பையன் பிற்பாடு டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியாராகக் கொச்சிக்குப் போனான். மலையாளக் கரையின் மூலிகைகளைப் பற்றிக் கம்பெனி அதிகாரி வான் ரீட் தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலின் தொடக்கப் பகுதிக்கு லத்தீன் எழுதியது அவன்தான். அதே கம்பெனிதான் அப்போது எங்கள் நாகப்பட்டினத்தையும் ஆண்டது. 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். லெய்டன் என்றால் ஊரில் எல்லோரும் இங்கே வந்து சேர்ந்த சோழர் காலத்து ஆனைமங்கலம் செப்பேட்டைத்தான் கேட்கிறார்கள். இனிமேல் காசேரியஸ் கதையையும் சொல்வேன். 1677-ல் பட்டாவியாவில் செத்துப்போனான். அதே ஆண்டு பிப்ரவரியில் ஹேக் நகரில் ஸ்பினோசாவும். 'எத்திக்ஸ்' அச்சானதும் அந்த ஆண்டுக் கடைசியில்தான், ஆசிரியர் பெயருக்குப் பதில் வெறும் முதலெழுத்துகளோடு. அந்தப் புத்தகத்தைக் காசேரியஸ் பார்க்கவே இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மூன்றாம் பாகம் வந்ததும் வகுப்புக்கே உயிர் வந்துவிட்டது. ஆசை, மகிழ்ச்சி, துயரம் என்ற மூன்றை வைத்துக்கொண்டு அன்பு, வெறுப்பு, இரக்கம், அவமானம் எல்லாவற்றையும் கட்டுகிறார். பாகத்தின் கடைசியில் 48 உணர்ச்சிகளுக்கு வரையறை. 32-ஆம் தேற்றம்: ஒருவருக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்றை இன்னொருவர் அனுபவிப்பதாக நினைத்தால், அது அவருக்கு இல்லாமல் போக நாம் முயல்வோம். 'உதவித்தொகை' என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். எனக்குத் தெ ஃப்ரீஸ் நினைவு வந்தது. அவர் முயலவில்லை, ஏங்கினார், அவ்வளவுதான். பழைய வாழ்க்கை வரலாற்றின்படி ஸ்பினோசாவுக்குத் தன் சொத்தையே எழுதிவைக்கப் பார்த்தவரும் அவரேதான்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று என் முறை. 3-ஆம் பாகம், 4-ஆம் தேற்றம்: எந்தப் பொருளும் வெளிக்காரணத்தால் அன்றி அழியாது. நிறுவல் என்று கேட்டால், இது தன்னாலேயே விளங்குவது என்கிறார். ஒரு பொருளின் வரையறை அந்தப் பொருளை நிலைநாட்டுமே தவிர மறுக்காது என்று மட்டும் சேர்க்கிறார். 6-ஆம் தேற்றம் இதன் மேல் நிற்கிறது: ஒவ்வொன்றும் தன் இருப்பில் நீடிக்க முயல்கிறது. மீதிப் புத்தகம் முழுக்க அந்த 6-ஐ நம்பித்தான்.

நான் மெழுகுவத்தியைக் கொண்டுவந்தேன். எரிகிற மெழுகுவத்தி தன்னைத் தானே தின்றுதானே தீர்கிறது? இத்தாலியப் பெண் விடவில்லை. எரிவது மெழுகுவத்தியின் வரையறையில் இல்லை, கொளுத்தியது வெளியிலிருந்து வந்த தீக்குச்சி என்றாள். சரி, நேரம் வைத்த வெடிகுண்டு? வெடிப்பது அதன் வரையறையிலேயே இருக்கிறதே! யாரிடமும் நல்ல பதில் இல்லை. பேராசிரியர் 4-ஆம் பாகம், 20-ஆம் தேற்றத்தின் குறிப்பைப் பார்க்கச் சொன்னார். தன்னைத் தானே மாய்த்துக்கொள்கிறவர் வெளிக்காரணத்தால் தோற்றவரே என்கிறது அது. கொடுங்கோலன் ஆணைக்கு நரம்பை அறுத்துக்கொண்ட செனெகா ஓர் உதாரணம். அது ஒத்துக்கொள்ளக்கூடியதே. ஆனால் கடைசியில், மறைவான வெளிக்காரணங்கள் உடம்பையும் மனத்தையும் வேறோர் இயல்புக்கே மாற்றிவிடலாம் என்றும் சொல்கிறார். மாறிய பிறகு அது உள்ளேயா, வெளியேயா? பொருளின் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதை வரையறைதான் தீர்மானிக்கிறது. ஆக, சுற்றிச் சுற்றி 1663 பிப்ரவரிக்கே வந்து நிற்கிறோம்.

டிசம்பர் 2, செவ்வாய்

5-ஆம் பாகம், 19-ஆம் தேற்றம். கடவுளை நேசிக்கிறவர், கடவுள் தன்னைத் திருப்பி நேசிக்க வேண்டும் என்று முயல முடியாது. தேவாரம் கேட்டு வளர்ந்தவளுக்கு இது கன்னத்தில் அறைந்த மாதிரி. கெஞ்சுவது, கோபித்துக்கொள்வது, 'இன்னும் வரவில்லையே' என்பது எதற்கும் இங்கே வழியில்லை. அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அது அத்வைதமும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் அத்வைதத்தைக் கைவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பருவக் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்தாயிற்று: 3-ஆம் பாகம் 4-ஆம் தேற்றத்தைத் தேற்றமாக ஏற்காமல் வெறும் அடிகோளாக இறக்கிவிட்டால் எதெல்லாம் ஆட்டம் காணும்? இன்று ராத்திரியே பட்டியல் எடுக்கத் தொடங்கிவிட்டேன். முதலில் 6 ஆடுகிறது, அதோடு 7, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் 9. நாலாம் பாகத்தில் 20. மற்றவற்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.